சொல்லாமல் நிற்காதே, கண்ணு

சிங்காநல்லூர், கோவை
5.7.2020

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்று போனில் நாலு வார்த்தைக்கு ஒருமுறை இருமினாய். "திங்கட்கிழமையிலிருந்து கம்பெனிக்குப் போகல அத்தை, சொல்லாமக் கொள்ளாம நின்னுக்கறேன்" என்றாய். எனக்கு ராத்திரி முழுக்க அதே நினைப்பு. திருப்பூருக்கு நேரில் வரலாமென்றால் பஸ் இல்லை, மாவட்டம் தாண்ட ஈ-பாஸ் வேண்டும், இன்று ஞாயிறு என்பதால் முழு ஊரடங்கு வேறு. அதனால் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

நீ லீவு எடு. அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் சொல்லாமல் மட்டும் நிற்காதே. இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்த காலமெல்லாம் நான் பார்த்தது இதுதான்: டாக்டர் சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு நின்றவர்கள் உடம்பு தேறியதும் அதே மெஷினில் போய் உட்கார்ந்தார்கள். சொல்லாமல் நின்றவர்கள் திரும்பிப் போனபோது, "நீயாத்தானே நின்னுட்டே" என்ற ஒரே பதிலில் வேலை போயிருந்தது.

உனக்கு ஆஸ்துமா இருப்பதைப் பனியன் கம்பெனியில் சொல்ல வேண்டாம், நாளைக்கு வரன் பார்க்கும்போது இடைஞ்சலாகும் என்று உன் அம்மா தடுப்பதும் தெரியும். அவள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இந்தக் கொரோனா காலத்தில் மறைப்பதுதான் உனக்குக் கெடுதல். ஒருத்தி லைனில் இருமினால் பக்கத்து டேபிள்காரி எழுந்து தள்ளிப் போகிறாள். சூப்பர்வைசர் கொரோனாவோ என்று பார்க்கிறார். காரணம் சொல்லி வைத்தால் அந்தப் பேச்சே எழாது. வீசிங் வந்து நீ அங்கே சாய்ந்தால் உன் பையில் இன்ஹேலர் இருப்பது யாராவது ஒருத்திக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பயத்தையும் அளவோடு வைத்துக்கொள். ஆஸ்துமா இருக்கிறவர்களுக்கெல்லாம் கொரோனா வந்து முற்றிவிடும் என்பதில்லை. மருந்து ஒழுங்காக எடுத்துக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே தேறுகிறார்கள். அடிக்கடி வீசிங் வந்து ஸ்டீராய்டு மாத்திரை வரைக்கும் போனவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். நீ எந்தப் பக்கம் இருக்கிறாய் என்பதுதான் கேள்வி. ராத்திரி இரண்டு மூன்று முறை எழுந்து உட்கார்கிறாய், நீலக் கலர் இன்ஹேலரைத் தினமும் அடிக்கிறாய் என்றால் உன் ஆஸ்துமா இப்போது கட்டுக்குள் இல்லை. பிளீச்சிங் பவுடர் கரைசலை ஷிப்டுக்கு முன்னால் அடிக்கிறார்கள் என்றாயே, அந்த நெடியும் செக்கிங் டேபிளில் பறக்கிற பஞ்சுத் தூசியும் சேர்ந்தால் ஆஸ்துமாவைக் கட்டுக்குள் வைத்திருப்பவளுக்கே மூச்சு முட்டும்.

வீட்டில் இருந்தாலும் கம்பெனி சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்று உன் தோழி சொன்னதை நம்பி இருக்காதே. மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அப்படி உத்தரவு போட்டது உண்மை. மே 18 முதல் அது நடப்பில் இல்லை. வேறு நோய் இருப்பவர்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது என்று அரசு சொல்லியிருப்பதும் உண்மைதான். ஆனால் அதைக் காட்டி பனியன் கம்பெனியில் சம்பளம் கேட்க முடியாது. உனக்குப் பணம் வரக்கூடிய வழி இ.எஸ்.ஐ.

உன் சம்பளச் சீட்டை எடுத்துப் பார். நாள் சம்பளம் 400 ரூபாய் என்றால் உன்னிடம் 3 ரூபாய் பிடிக்கிறார்கள், முதலாளி 13 ரூபாய் கட்டுகிறார். நோய்க்காக வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்று டிஸ்பென்சரி டாக்டர் சான்று கொடுத்தால், சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம், அதாவது 280 ரூபாய், உன் பேங்க் கணக்குக்கு வரும். ஓராண்டில் 91 நாள் வரை வாங்கலாம். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை கேட்பதற்கு, போன அக்டோபர் முதல் இந்த மார்ச் வரை 78 நாளாவது உனக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். நீ ஊரடங்கு வரை ஒன்றரை ஷிப்டு பார்த்தவள், நிச்சயம் தாண்டியிருக்கும். ஆனால் வருகிற ஜனவரிக்குப் பிறகு கேட்க வேண்டி வந்தால் இந்த ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான கணக்கைப் பார்ப்பார்கள். ஊரடங்கில் சம்பளமில்லாமல் போன நாட்கள் அதில் இடிக்கும். அதையும் மனதில் வைத்துக்கொள்.

முதல் இரண்டு நாளுக்கு இ.எஸ்.ஐ. பணம் கிடையாது. அந்த இரண்டு நாளுக்கு, போன வருஷம் 240 நாளுக்கு மேல் வேலை பார்த்ததற்குச் சேர்ந்திருக்கிற சம்பளத்தோடு கூடிய லீவைக் கேள். இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்பது ஃபேக்டரி சட்டக் கணக்கு. உடம்பு முடியாதபோது கேட்டால் முன்கூட்டியே சொல்லவில்லை என்று மறுக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. இன்னொன்று, இதுதான் முக்கியம்: இ.எஸ்.ஐ. நோய்ப் பணம் வாங்கிக்கொண்டிருக்கும் நாட்களில் உன்னை வேலையை விட்டு எடுக்க முடியாது. இ.எஸ்.ஐ. சட்டம் 73ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. சொல்லாமல் நிற்கிறவளுக்கு இந்தக் காவல் எதுவும் இல்லை.

டாக்டர் சான்று கொடுப்பாரா என்று கேட்பாய். "பயமா இருக்குங்க டாக்டர்" என்றால் கொடுக்க மாட்டார், கொடுக்கவும் கூடாது. உன் நுரையீரல் என்ன சொல்கிறது என்று காட்டு. பீக் ஃப்ளோ மீட்டர் என்று கைக்கு அடக்கமாக ஒரு பிளாஸ்டிக் குழாய் மெடிக்கல் ஷாப்பில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நின்றுகொண்டு மூச்சை நிறைய இழுத்து, வாயால் குழாயை இறுக்கிப் பிடித்து, ஒரே வேகத்தில் ஊது. முள் ஓரிடத்தில் நிற்கும். மூன்று முறை ஊதி அதிகமானதைக் குறித்துக்கொள். காலையில் பல் விளக்கியதும் ஒன்று, ராத்திரி படுக்கும் முன் ஒன்று, இன்ஹேலர் அடிப்பதற்கு முன்னால். பக்கத்திலேயே அன்று எத்தனை பஃப் அடித்தாய், ராத்திரி எழுந்தாயா, எந்த செக்‌ஷனில் நின்றாய் என்று எழுது. நீ நன்றாக இருக்கும்போது வந்த அதிகபட்ச எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் கவனம் வேண்டும். பாதிக்குக் கீழே போனால் நோட்டை மூடிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. இப்போது இருக்கிற நிலையில் நோட்டு நிறையட்டும் என்று காத்திருக்காதே, நாளைக்கே டிஸ்பென்சரிக்குப் போ. அடுத்தடுத்த தடவை போகும்போது நோட்டை எடுத்துப் போ. சான்றை இடையிடையே புதுப்பிக்க வேண்டும், அப்போது அந்த நோட்டுதான் உனக்காகப் பேசும். கோவை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியைக் கொரோனாவுக்கு ஒதுக்கிவிட்டார்கள், அதனால் இங்கே கிளம்பி வராதே. திருப்பூரிலேயே பார்.

கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் கெஞ்சவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். "எனக்கு ஆஸ்துமா உள்ளது. தற்போது மூச்சிரைப்பு அதிகமாகி இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சிகிச்சை பெறுகிறேன். மருத்துவர் ஓய்வு எடுக்கச் சொல்லியிருப்பதால் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை விடுப்பு தர வேண்டுகிறேன். சான்றின் நகல் இணைத்துள்ளேன். குணமானதும் பணிக்குத் திரும்புவேன்." இவ்வளவு போதும். அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதே. இரண்டு பிரதி எழுது, ஒன்றில் ஆபீஸில் தேதியோடு கையெழுத்து வாங்கு. வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பு. அசல் சான்றைக் கம்பெனியில் கொடுத்துவிடாதே.

டாக்டர் பார்த்துவிட்டு, மருந்தை மாற்றினால் போதும், வேலைக்குப் போகலாம் என்று சொன்னாலும் மனம் உடையாதே. அப்போது லீவுக்குப் பதில் இடம் மாற்றிக் கேள். செக்கிங்கிலிருந்து தூசி குறைவான பேக்கிங்குக்கு, ஜன்னல் பக்கத்து டேபிளுக்கு. பிளீச்சிங் கரைசல் அடித்துக் காய்ந்த பிறகு உள்ளே விடச் சொல். ஒன்றரை ஷிப்டை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடு, கண்ணு. வரும் பணம் மூச்சுக்கு ஈடாகாது.

தடுப்பு இன்ஹேலரை நீ நிறுத்திவிட்டாய் என்று எனக்குச் சந்தேகம். "ஸ்டீராய்டு எடுத்தா எதிர்ப்புச் சக்தி போயிரும், கொரோனா ஒட்டிக்கும்" என்று யாரோ அனுப்பிய வாட்ஸ்அப்பைப் பார்த்துத்தானே? அது தப்பு. இன்ஹேலரில் போவது மிகச் சிறிய அளவு, போக வேண்டிய நுரையீரலுக்குத்தான் போகிறது. இப்போது நிறுத்துவதுதான் வீசிங்கைக் கூப்பிட்டு உட்கார வைப்பது. ஸ்பேசர் மாட்டி அடி, அடித்ததும் வாய் கொப்பளி. பக்கத்து வீட்டு நெபுலைசரை வாங்கி வைக்காதே, இந்தச் சமயத்தில் அந்தப் புகையில் கிருமி பரவும் என்று டாக்டர்கள் முடிந்தவரை தவிர்க்கச் சொல்கிறார்கள். காய்ச்சல் வந்தாலோ, வாசனை தெரியாமல் போனாலோ, அது வீசிங்தான் என்று நீயே முடிவு செய்யாமல் டெஸ்ட் எடு.

வீட்டு வாடகைக்கு இந்த மாதம் இடித்தால் என்னிடம் கேள். இ.எஸ்.ஐ. பணம் வந்ததும் திருப்பிக் கொடு. நாளைக் காலையில் ஆதார், இ.எஸ்.ஐ. கார்டு, பழைய மருந்துச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போ. டாக்டர் சொன்னதைக் கேட்டதும், கம்பெனி கேட்டுக்குப் போகும் முன்னால் எனக்கு போன் போடு.

இப்படிக்கு,
உன் அத்தை