"பாக்கலாம் தம்பி"ன்னா என்ன அர்த்தம்?

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்காக ரெட்டியார்சத்திரம் பக்கம் விவசாயிகளைப் பாக்கப் போறீங்களா? "சென்சார் வெச்சுக் குடுத்தா யூஸ் பண்ணுவீங்களாண்ணே?"ன்னு கேட்டா, "பாக்கலாம் தம்பி" என்பார். சொல்லு சம்மதம் மாதிரி இருக்கும். பார்வை மோட்டார் ரூம் பக்கம் போயிருக்கும். எதை நம்புறது?

திருக்குறளில் கேட்டறிவதற்கு 42-ஆம் அதிகாரம் 'கேள்வி'. பேச்சுக்கு 65, 'சொல்வன்மை'. முகம் பார்த்து மனசை அறியும் 'குறிப்பறிதல்' மட்டும் இரண்டு தடவை வருது: அரசவைக்கு 71, காதலுக்கு 110.

ஆனா முகக்குறிப்பை வெச்சு நாம நினைக்கிறது யூகம்தான். கேட்டு உறுதி செய்யுங்க:

1. "வேணுமா?"ன்னு கேக்காம, "இப்ப எப்படித் தண்ணி பாய்ச்சுறீங்க?"ன்னு கேளுங்க.

2. அவர் நிறுத்தினதும் குறுக்க பேசாதீங்க. கரண்ட், செலவு, ரிப்பேர்னு நிஜக் காரணம் அப்புறம்தான் வரும்.

3. கேட்டதைத் திருப்பிச் சொல்லி, "சரிதானாண்ணே?"ன்னு கேளுங்க.

இல்லேன்னா ப்ராஜெக்டுக்கு மார்க் வரும். வயல்ல அதை யாரும் தொடமாட்டாங்க.