குறிச்சொற்கள்வழி இணைய ஆய்வுவளங்களைக் கண்டறிதல்: தமிழாய்வு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

சமூகப் புத்தகக்குறித் தளங்களில் பயனர்கள் இடும் குறிச்சொற்கள் ஆய்வுவளங்களைத் தேடிக் கண்டடைய எவ்வாறு துணைசெய்கின்றன என்பதையும், தமிழ்க் குறிச்சொற்களுக்கே உரிய இடர்ப்பாடுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குறிச்சொல், புத்தகக்குறி, வகைப்பாடு, தேடல், ஒருங்குறி

முன்னுரை

தனிப்பட்ட உலவியில் சேமிக்கப்பெறும் புத்தகக்குறி, சேமித்தவருக்கு மட்டுமே பயன்படும். அதனைப் பொதுவெளியில் வைத்துக் குறிச்சொல் இட்டுப் பகிரும் முறையை 2003இல் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கிய டெலிஷியஸ் தளம் பரவலாக்கியது. பயனர்களே உருவாக்கும் இவ்வகைப்பாட்டிற்கு 2004இல் தாமஸ் வாண்டர் வால் ‘ஃபோக்சானமி’ எனப் பெயரிட்டார். இதனை ‘மக்கள் வகைப்பாடு’ எனலாம்.

இருவகை வகைப்பாடுகள்

அகநானூற்றில் பாடலின் எண்ணே திணையை உணர்த்தும். ஒற்றைப்படை எண்கள் பாலை, 2, 8 என முடிவன குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10 நெய்தல். இவ்வமைப்பில் ஒரு பாடலுக்கு ஓரிடமே உண்டு. நூலக அடுக்கும் இத்தகையதே. புறநானூற்றுக் குறிப்புகளிலோ சில பாடல்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துறைகள் சுட்டப்பெற்றுள்ளன. குறிச்சொல் இவ்விரண்டாம் முறைக்கு நெருக்கமானது. சிலப்பதிகார இசை பற்றிய கட்டுரைக்குக் ‘காப்பியம்’, ‘இசை’, ‘அரங்கேற்றுகாதை’ என மூன்றையும் இடலாம். ஆயினும், துறை வகுத்தோர் புலமை மரபினர்; குறிச்சொல் இடுவோர் எவராகவும் இருக்கலாம். இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

தனியர் பலர் தம் விருப்பப்படி இடும் சொற்களில் ஒழுங்கு அமையுமா என்னும் ஐயம் எழலாம். டெலிஷியஸ் தரவுகளை ஆராய்ந்த ஸ்காட் கோல்டர், பெர்னார்டோ ஹூபர்மன் ஆகியோர், ஒரு பக்கத்தை ஏறத்தாழ 100 பேர் சேமித்தபின் அதன் குறிச்சொற்களின் விகிதம் பெரிதும் நிலைபெறுவதைக் கண்டனர். தமிழாய்வுப் பக்கங்களைச் சேமிப்போர் தொகை இவ்வளவை எட்டுதல் அரிது. எனவே, இங்குத் தனிப்பயனரின் கவனமே ஒழுங்கைத் தரவேண்டியுள்ளது.

தமிழ்க் குறிச்சொற்களின் இடர்ப்பாடுகள்

முதலாவது, எழுத்துப்பெயர்ப்பு. ‘அகம்’ என்பதன் ககரத்தை உரோமன் எழுத்தில் கே, ஜி, எச் என மூவகையாக எழுதுவர். ஒரே பொருள் மூன்று குறிச்சொற்களாகச் சிதறுகிறது. இரண்டாவது, சொற்பிரிப்பு. இடைவெளியைப் பிரிப்பானாகக் கொள்ளும் தளத்தில் ‘சங்க இலக்கியம்’ இரு குறிச்சொற்களாகிவிடும். மூன்றாவது, பலபொருள். ‘திணை’ சொல்லதிகாரத்திற்கும் பொருளதிகாரத்திற்கும் உரியது. ‘அகத்திணை’, ‘அஃறிணை’ எனத் தெளிவுபடுத்துதல் வேண்டும். நான்காவது, குறியேற்றம். ஒகர உயிர்மெய்க் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் இரு குறியீடுகளாகவும் இடலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும், இயல்பாக்கம் செய்யாத தேடற்பொறி அவற்றை வேறுவேறாகவே கொள்ளும்.

தேடும் நெறி

பயனுள்ளதென முன்பே அறிந்த ஒரு வளத்திலிருந்து தொடங்குதல் நன்று. அதற்குப் பிறர் இட்ட குறிச்சொற்களைத் தொகுத்து, உடன்வரும் குறிச்சொற்களைப் பின்தொடர்தல் வேண்டும். அடுத்து, அவ்வளத்தைச் சேமித்த பயனரின் பிற சேமிப்புகளை நோக்குதல் வேண்டும். தேடுபவர் எண்ணிப் பாராத சொல்லின்கீழ் உள்ள வளங்களும் இதனால் கிட்டும். சொல்லைத் தேடுவதினும், அத்துறையை நுணுகிக் கற்கும் ஒருவரின் சேமிப்பைக் கண்டடைவது மிகுபயன் தரும். எனினும், பலர் சேமித்தமை ஒன்றே ஒரு வளத்தின் தகுதிக்குச் சான்றாகாது. மூலபாடத்தோடு ஒப்பிட்ட பின்னரே மேற்கோளாகக் கொள்ளுதல் வேண்டும்.

முடிவுரை

நேச்சர் பதிப்பகத்தின் கனோட்டியா 2013இலும், சைட்யூலைக் 2019இலும் நிறுத்தப்பெற்றன; டெலிஷியஸ் 2017இல் புதிய சேமிப்புகளை ஏற்காத நிலைக்குச் சென்றது. தளம் மறையின், ஆய்வாளர் கூடிச் செய்த வகைப்பாட்டு உழைப்பும் மறையும். ஆதலின், சேமிப்புகளை அவ்வப்போது கோப்பாக இறக்கித் தம்மிடம் வைத்தல் இன்றியமையாதது. தமிழ்த்துறைகள் நூற்பெயர், திணை, துறை, ஆசிரியர் ஆகியவற்றிற்குத் தமிழ் எழுத்திலேயே அமைந்த பொதுக் குறிச்சொற்பட்டியலை வகுத்துக்கொண்டால், சிதறிக்கிடக்கும் இணைய வளங்கள் அடுத்துவரும் ஆய்வாளர்க்கு எளிதில் கைவரும்.