கலாசாலை மாணாக்கரும் வயல் ஆராய்ச்சியும்

பயிராராய்ச்சி விவசாயக் கல்லூரியில் பயில்வோர்க்கே உரியதென்ற எண்ணம் பரவலாய் உளது. குடியானவரின் மக்கள் கணிதமோ, இரசாயனமோ, தாவர நூலோ கற்கச் சென்றால் அக்கல்வி வயலுக்கு உதவாதென்று பெற்றோர் பலர் கருதுகின்றனர். இது சரியன்று.

இங்கிலாந்து தேசத்து ராதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில் 1843-ஆம் ஆண்டு முதல் கோதுமை நிலமொன்றில் எருச்சோதனை நடந்து வருகிறது. அங்குக் குவிந்து கிடந்த மகசூல் கணக்குகளை ஆராய 1919-ல் அமர்த்தப்பட்டவர் ரொனால்டு பிஷர். கேம்பிரிட்ஜில் அவர் பயின்றது கணிதம். விளைச்சல் வேறுபாட்டில் எருவினால் வந்தது எவ்வளவு, மழையாலும் மண்ணாலும் வந்தது எவ்வளவு எனப் பிரித்தறியும் வழிகளை அவர் வகுத்தார்.

இதனால் குடியானவர்க்கு யாது பயன் எனின், ஒரே வயலில் ஒரு மூலை வளமாயும் மறுமூலை மெலிந்தும் இருத்தல் இயல்பு. புது விதையை வளமான மூலையில் இட்டு, மிகுந்த விளைவை விதையின் குணமென நம்பி, மறு ஆண்டு நிலம் முழுவதும் அதனையே பயிரிட்டு நஷ்டமடைவோர் உளர்.

மாணாக்கர் செய்யத்தக்கவை வருமாறு:

1. விடுமுறைக்கு முன்னரே அண்மையிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தை அணுகி, தாம் கற்றதையும் ஒதுக்கக்கூடிய நாட்களையும் தெரிவித்து, சிறு வேலையொன்று கேட்டுப் பெறுக.

2. பயிரின் பருவங்களை வயலில் இறங்கிக் கற்க. தாவர நூல் பயில்வோர் தூர்களை எண்ணலாம். இரசாயனம் பயில்வோர் கிணற்று நீரின் உப்பை அளக்கலாம்.

3. இரு நெல் ரகங்களை ஒப்பிட, வயலை நான்கு பகுதிகளாக்கி, ஒவ்வொன்றையும் இரு சமபாத்திகளாக்குக. எந்தப் பாத்திக்கு எந்த ரகம் என்பதை ஒவ்வொரு பகுதியிலும் நாணயம் சுண்டித் தீர்மானிக்க. நடவு நாள், நாற்றின் வயது, எரு, நீர் யாவும் ஒத்திருத்தல் வேண்டும். வரப்போரத்து வரிசைகளை நீக்கி அறுத்து, உலர்த்தித் தனித்தனியே நிறுக்க.

புது ரகம் இரு பகுதிகளில் மிகுந்து இரண்டில் குறைந்தால், அதன் மேன்மை நிலைபெறவில்லை. நான்கிலும் மிகுந்தாலும் உடனே நம்பலாகாது. ரகங்களுக்குள் வேற்றுமையே இல்லாவிடினும் 16-ல் ஒரு முறை தற்செயலாய் அவ்வாறு நேரக்கூடுமெனக் கணிதம் காட்டுகிறது. ஆகையால் மறு பருவமும் சோதித்தல் அவசியம்.

மிராசுதாரர்கள் சில சென்ட் நிலம் தந்தும், கிராம அதிகாரிகள் பயிர், பாசன விவரங்களை எடுத்துரைத்தும் இவர்களுக்கு உதவுவாராக. குறைந்து விளைந்த பாத்தியின் நிறையையும் மறைக்காது எழுதுதல் வேண்டும். அக்கணக்கே அடுத்த ஆண்டின் விதைச்செலவைக் காக்கும்.