கணக்கறிவும் தொழிலாக்கமும்

விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டி வட்டாரத்தில் மழையை நம்பிய மானாவாரி நிலங்கள் மிகுதி. பெய்த மழையின் ஈரம் புலருமுன் உழுது விதைத்தல் வேண்டும். காலம் தாழ்த்தின் அவ்வாண்டு விளைவு கெடும். அவ்வேளையில் உழவர்க்குத் துணைபுரிவது டிராக்டர் என்னும் உழுபொறி. நம் நாட்டில் அதனைச் செய்யும் பெரிய நிறுவனங்களுள் டாபே ஒன்று. அதனைத் தோற்றுவித்தவர் பொறியியல் வல்லுநர் அல்லர், கணக்கர். அவரே எஸ். அனந்தராமகிருஷ்ணன்.

அவர் 1905-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையிலுள்ள ஆழ்வார்குறிச்சியில் பிறந்தார். கணக்கியல் பயின்று, சென்னையில் பிரேசர் அண்டு ராஸ் என்னும் தணிக்கை நிறுவனத்தில் பணியாற்றினார். தணிக்கையாளர் பிறர் எழுதிய கணக்கை ஆராய்பவர். ஏட்டில் உள்ள சரக்கு கிடங்கில் உண்டா, வரவேண்டிய கடன் வருமா, பொறிகளின் தேய்மானம் கழிக்கப்பட்டதா என்றெல்லாம் அவர் வினவுதல் வேண்டும். கூட்டுத்தொகை சரியாயிருந்தும் கணக்குப் பொய்யாயிருத்தல் கூடும். ஆதலின் எண்ணுக்குப் பின்னுள்ள பொருளைக் காண்பதே அவர் தொழிலின் உயிர்நிலை.

சென்னையில் சிம்சன் கம்பெனி என்னும் பழம்பெரும் ஆங்கிலேய நிறுவனம் ஒன்று இருந்தது. 1840-இல் தோன்றிய அது, முதலில் குதிரை வண்டிகள் செய்து, பின்னர் மோட்டார்த் தொழிலில் இறங்கியது. 1935-இல் அனந்தராமகிருஷ்ணன் அதன் செயலாளராகச் சேர்ந்தார். பின்னர் இயக்குநராகி, 1945-இல் தலைவர் பதவியையும் ஏற்றார். ஆங்கிலேயர் வீற்றிருந்த அவ்விருக்கையில் இந்தியர் ஒருவர் அமர்ந்தது அதுவே முதன்முறை. 1938-இல் தோன்றிய அமால்கமேஷன்ஸ் என்னும் நிறுவனத்தின்கீழ்ப் பல தொழில்கள் ஒன்றுசேர்ந்தன. ஹிக்கின்பாதம்ஸ் புத்தக நிலையமும், 'மெயில்' நாளிதழும் அவற்றுள் அடங்கியிருந்தன.

அயல்நாட்டு வண்டியை விற்பவனுக்குத் தரகே ஊதியம். வண்டி பழுதுற்றால் அதன் உறுப்புக்கும் கப்பலையே எதிர்நோக்குதல் வேண்டும். அவ்வுறுப்புகளை இங்கேயே செய்தால் ஊதியம் நாட்டில் தங்கும், கைத்தொழில் பெருகும். அனந்தராமகிருஷ்ணனின் தொழில்கள் இவ்வழியிலேயே வளர்ந்தன. இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனம் 1949-இல் தோன்றியது. அடுத்த பத்தாண்டுகளில் செம்பியத்துச் சிம்சன் ஆலையில் டீசல் எஞ்சின்கள் உருவாயின. 1960-இல் மாசி பெர்குசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு டாபே அமைந்தது. 1964-இல் அவர் மறைந்தார். எனினும், சென்னை இன்று மோட்டார்த் தொழிலுக்குப் பெயர்பெற்று விளங்குவதற்கு வித்திட்டவருள் அவர் முதன்மையானவர்.

கணக்கர்க்கும் இயக்குநர்க்கும் உள்ள வேற்றுமையை மாணவர் உணர்தல் நன்று. நடந்ததை உள்ளவாறு எழுதுவது கணக்கர் கடன். அதனைக்கொண்டு இனி நடக்கவேண்டியதைத் துணிவது இயக்குநர் கடன். எனினும் இருவர்க்கும் அடிப்படை ஒன்றே. கம்பெனியின் முதல் பங்குதாரர் பலர் சேர்த்து வைத்த பொருள். அதன் உழைப்பு தொழிலாளர் பலர் ஈந்தது. அவர்கள் இயக்குநர் குழுவின் அறைக்குள் வந்து அமர்வதில்லை; கணக்கின் வாய்மையை நம்பியே இருக்கின்றனர். விருதுநகர்ப் பருப்புக் கடைப் பேரேடாயினும், சிவகாசித் தீப்பெட்டி ஆலையின் கூலி ஏடாயினும், பெரிய கம்பெனியின் ஐந்தொகையாயினும் இந்நெறி ஒன்றே. பொய்க்கணக்கின்மேல் எழுப்பிய தொழில் சாயுங்கால், முதலில் துன்புறுபவர் அக்கணக்கை எழுதியவர் அல்லர், அதனை நம்பியவரே.