பாட்டன் பூட்டன் பெயர்

'பேரன்' என நாம் வழங்குஞ் சொல் 'பெயரன்' என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். ஏட்டில் எழுதாமலே வமிசத்தை நினைவில் நிறுத்த முன்னோர் கண்ட வழி இது. மலையகத் தோட்டங்களிலே இதுவே நெடுங்காலம் ஏழைகளின் பதிவேடாயிருந்தது. அரசாங்கமோ அப்பதிவேட்டை ஏற்கவில்லை.

1948 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அவ்வாண்டு நவம்பர் 15 ஆந் திகதிக்கு முன் இலங்கையிற் பிறந்தவர் வமிசாவளியாற் குடிமகனாதற்கு, தந்தை இங்குப் பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும் என விதித்தது. பேச்சுவாக்கிற் சொல்லும் 'பாட்டன் பூட்டன்' அன்று சட்டத்தின் வினாவாயிற்று. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1867 இலேதான். கோப்பிக் காலத்து மக்களோ அதற்குப் பல்லாண்டு முன்பே வந்துவிட்டனர். லயத்திற் பிறந்த பூட்டனுக்கு அத்தாட்சிப் பத்திரம் எங்கே தேடுவது? பல இலட்சம் பேர் நாடற்றோராயினர். 1964 ஒக்டோபர் ஒப்பந்தம் அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அண்ணன் கூடலூரிலும் தம்பி ஹற்றனிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. எஞ்சியோர்க்கு வழி திறந்தது 2003 ஆம் ஆண்டுச் சட்டமே.

துரைமாரின் கல்லறை எழுத்துகளைப் பென்றி லூயிஸ் என்பார் 1913 இலேயே நூலாகத் தொகுத்துவிட்டார். தேயிலைச் செடியினடியில் உறங்குவோர்க்குக் கல்லுமில்லை, நூலுமில்லை. அவர்தம் வரலாற்றை அவர்தம் பேரரே தேடுதல் வேண்டும்.

எங்கே தொடங்குவது? குலதெய்வத்திலே தொடங்குக என்பது யாம் மாணவர்க்குக் கூறுவது. ஊர்ப்பெயர் மறந்த குடும்பத்திலும் குலதெய்வத்தின் பெயர் மறப்பதில்லை. அக்கோயில் உள்ள இடம் தெரிந்தால் பூர்வீக ஊரை நெருங்கிவிடலாம். அடுத்தது மொய்ப் புத்தகம். யார் எத்தோட்டத்திலிருந்து வந்து எவ்வளவு எழுதினார் என்பதில் உறவுமுறை முழுவதும் அடங்கியிருக்கும். இந்தியா சென்றோரிடம் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் இருக்கும். கடிதம் எழுதிப் படி பெறுக. தோட்டத்துச் செக்ரோலும் பாடசாலைச் சேர்வு இடாப்பும் உதவும். ஆயின் அவற்றிற் பெயரெழுதியவர் காதில் விழுந்தபடியே எழுதியிருப்பர். எழுத்து வேறுபாட்டைக் கண்டு ஆளே வேறென முடிவு செய்தல் ஆகாது.

மற்றொரு சிக்கலும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயரில்லை. தலைமுறைதோறும் முதலெழுத்து மாறும். பேரன் பாட்டன் பெயரையே தாங்குதலால் ஒரே வீட்டில் இரண்டு இராமசாமிகள் இருப்பர். ஆகவே ஒவ்வொரு பெயரோடும் தந்தை பெயர், மனைவி பெயர், மேற்கணக்கா பணியக்கணக்கா என்பவற்றையுஞ் சேர்த்தெழுதுக.

சட்டம் தந்தைவழியையே கேட்டது. உண்மையில் உறவெல்லாம் அறிந்தவர் அப்பாயியும் அம்மாயியுமே. இழவு வீட்டில் அவர் பாடும் ஒப்பாரியில் எத்தனை பெயர்கள் வருகின்றன! அவரிடம் ஆண்டு கேட்டாற் கிடைக்காது; நிகழ்ச்சி கேட்டாற் கிடைக்கும். கொழும்பில் யப்பான் குண்டு போட்டபோது கைக்குழந்தை என்றால் 1942 ஏப்ரலை ஒட்டியது. முல்லோயாத் துப்பாக்கிச் சூடு எனில் 1940 சனவரி. பாணுக்கு வரிசையில் நின்ற பஞ்சம் எனில் 1974 ஐ அடுத்தது. முதலிற் பென்சிலால் எழுதி, வேறொரு முதியவர் சொல்லோடு ஒத்த பின்னரே மையிட்டெழுதுக.