காற்றுப் படகு வாங்குமுன் தண்ணீரைப் பாருங்கள்

உல்லாசப் பயணிகளை நம்பிப் படகுச் சவாரித் தொழிலில் முதலிட நினைக்கும் வியாபாரிகள் முதலில் கேட்பது, "காற்றுப் படகு என்ன விலை?" என்பதையே. படகு எந்தத் தண்ணீரில் ஓடப் போகிறது என்பதே முதற் கேள்வியாக இருக்க வேண்டும்.

காற்றுப் படகுகள் இரு வகை. ஒன்று, முழுவதும் சுருட்டக்கூடியது. தரைக்குப் பலகையோ அலுமினியத் தகடோ காற்றுப் பாயோ போடுவார்கள். மற்றையது, அடிப்பாகம் பைபர் அல்லது அலுமினியத்தால் ஆனது. அதைச் சுற்றிக் காற்றுக் குழாய் இருக்கும். 1960களில் வேல்ஸிலுள்ள அட்லாண்டிக் கல்லூரியில் உருவான இவ்வகையை, பிரித்தானிய உயிர்காப்புப் படகுச் சேவை 1972இல் 'அட்லாண்டிக் 21' என்ற பெயரில் பாவனைக்கு எடுத்தது.

கற்பிட்டியை உதாரணமாக எடுப்போம். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் திறந்த கடல். களப்பில் குறுந்தூரம் ஓடச் சுருட்டும் படகு போதும். சிறிய எஞ்சின், குறைந்த எரிபொருள். வேலை முடிந்தால் வேனில் ஏற்றலாம். டொல்பின் பார்க்கக் கடலுக்குப் போவதென்றால் கதை வேறு. சுருட்டும் படகு அலையில் வளையும், அடிபடும்; காற்று அதை இழுத்துச் செல்லும். கடின அடிப்படகின் கூரிய அடி அலையை வெட்டிச் செல்லும். ஆனால் அதற்குப் பெரிய எஞ்சின், ட்ரெய்லர், நிறுத்த இடம் எல்லாம் வேண்டும். இச்செலவுகளையும் படகின் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கற்பிட்டிக் கடல் கொந்தளிக்கும். அப்போது திருகோணமலையில் தொழில் நடக்கும். சும்மா கிடக்கும் மாதங்களில் சுருட்டும் படகைக் கடைக் களஞ்சியத்தில் வைக்கலாம். மற்றையதை ட்ரெய்லரில் கிழக்கே கொண்டு போகவோ நிழலில் நிறுத்தவோ செலவாகும்.

அடுத்தது குழாயின் துணி. பீ.வீ.சீ. மலிவு, ஆனால் நமது வெயிலில் விரைவில் நைந்து, ஒட்டுகள் விடும். ஹைபலோன் வகை றப்பர் விலை கூடினாலும் வெயிலைத் தாங்கும். டியூபொன்ட் கம்பனி ஹைபலோன் உற்பத்தியை 2010இல் நிறுத்திவிட்டது. இன்று அப்பெயரில் விற்கப்படுவது வேறு கம்பனிகள் செய்யும் அதே வகை றப்பர். எனவே தயாரிப்பாளர் யார் என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய படகானால் காற்றடித்து ஓர் இரவு விட்டுப் பாருங்கள். ஒட்டுகளிலும் வால்விலும் சவர்க்கார நீர் பூசினால் கசிவு தெரியும். எஞ்சின் பூட்டும் பின்பலகையின் ஒட்டை நன்கு பாருங்கள். பாவனையில், நண்பகல் வெயிலில் குழாய் இறுகினால் சிறிது காற்றை விடுங்கள். தண்ணீரில் இறக்கியதும் தளர்ந்தால் மீண்டும் அடியுங்கள்.

படகிலுள்ள தகட்டில் எத்தனை பேர், எத்தனை குதிரைவலு என்று எழுதியிருக்கும். இன்னும் இருவரை ஏற்றினால் இலாபம் என்று நினைக்க வேண்டாம். ஒரு விபத்து முழுத் தொழிலையும் மூடிவிடும்; போன உயிர் திரும்பாது.

கடின அடிப்படகு வாங்கக் கைமுதல் போதாவிட்டால், சுருட்டும் படகை வாங்கிக் களப்போடு நின்றுகொள்ளுங்கள். அதைக் கடலுக்குக் கொண்டு போகாதீர்கள்.