சிம் கார்டுக்கு எத்தனை வோல்ட்?

சிம் கார்டுகள் மூன்று மின்னழுத்த வகுப்புகளில் இயங்குகின்றன: ஏ வகுப்புக்கு 5 வோல்ட், பி வகுப்புக்கு 3 வோல்ட், சி வகுப்புக்கு 1.8 வோல்ட். ஐஎஸ்ஓ 7816-3 தரநிலை இவை ஒவ்வொன்றிலும் 10 சதவீதம் கூடவோ குறையவோ இடம் தருகிறது. செருகப்பட்ட கார்டு எந்த வகுப்பு என்பதைப் போன் எப்படி அறிகிறது என்பது பற்றித்தான் தவறான எண்ணங்கள் அதிகம்.

நம்பிக்கை: பேட்டரியின் மின்னழுத்தமே சிம்முக்கும் போகிறது.

உண்மை: லித்தியம் அயான் பேட்டரி முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரை ஏறும். பயன்படுத்தப் பயன்படுத்த இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் சிம்மை எட்டுவதில்லை. இடையில் உள்ள ரெகுலேட்டர் 1.8 அல்லது 3 வோல்ட்டை நிலையாகத் தருகிறது.

நம்பிக்கை: கார்டைச் செருகியதும் போன் அதன் வோல்ட்டை அளந்துவிடுகிறது.

உண்மை: கார்டுக்குள் பேட்டரி கிடையாது, அளப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. போன் தன்னால் தரக்கூடிய மிகக் குறைந்த மின்னழுத்தத்தை முதலில் கொடுக்கிறது, கிளாக் துடிப்புகளை அனுப்புகிறது, பிறகு ரீசெட் இணைப்பை உயர்த்துகிறது. அதிலிருந்து 400 முதல் 40,000 துடிப்புகளுக்குள் கார்டு பதில் சொல்லத் தொடங்க வேண்டும். கிளாக் 4 மெகாஹெர்ட்ஸ் என்றால் இந்தக் கெடு 10 மில்லி விநாடியில் முடிந்துவிடும். ஏடிஆர் எனப்படும் அந்தப் பதில் வராவிட்டால் போன் மின்சாரத்தை நிறுத்தி, குறைந்தது 10 மில்லி விநாடி பொறுத்து, அடுத்த உயர் வகுப்பில் முயல்கிறது. 3 வோல்ட் கார்டு ஒன்றை ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் கோடு 1.8க்கு ஏறி, பூஜ்யத்துக்கு விழுந்து, மீண்டும் 3க்கு ஏறுவது தெரியும்.

நம்பிக்கை: பதில் கிடைத்தாலே வேலை முடிந்தது.

உண்மை: பதில் சிதைந்து வந்தால் அதே மின்னழுத்தத்தில் மூன்று முறையாவது முயன்ற பிறகே கார்டை நிராகரிக்கலாம். பதில் சரியாக வந்தாலும் அதை வாசிக்க வேண்டும். அதிலுள்ள ஒரு பைட்டின் கீழ் 6 பிட்டுகள் வகுப்பைச் சொல்கின்றன: ஏ என்றால் 1, பி என்றால் 2, சி என்றால் 4. கார்டு ஏற்கும் வகுப்புகளின் கூட்டுத்தொகை அங்கே இருக்கும். 6 என்றால் 3 வோல்ட்டும் 1.8 வோல்ட்டும், 7 என்றால் மூன்றும்.

நம்பிக்கை: அதிக வோல்ட்டில் தொடங்கினால் எல்லாக் கார்டும் இயங்கும்.

உண்மை: தேடல் கீழிருந்து மேலே போவதற்குக் காரணம் உண்டு. 5 வோல்ட் மட்டுமே ஏற்கும் பழைய கார்டு 1.8 வோல்ட்டில் பதில் சொல்லாமல் இருந்துவிடும், அவ்வளவுதான். குறைந்த வோல்ட்டில் இயங்கக்கூடிய கார்டுக்குக் கூடுதல் வோல்ட் கொடுப்பதோ வீண் மின்செலவு. அடுத்தடுத்த இரு வகுப்புகளையாவது கார்டு ஏற்க வேண்டும் என்று எட்சி தரநிலை டிஎஸ் 102 221 விதிப்பதால், தேடல் பெரும்பாலும் நீள்வதில்லை.

நம்பிக்கை: நானோ சிம் சிறியது, அதற்குக் குறைந்த வோல்ட் போதும்.

உண்மை: அளவுக்கும் மின்னழுத்தத்துக்கும் தொடர்பில்லை. மினி, மைக்ரோ, நானோ என மூன்று அளவாகவும் பிரித்தெடுக்கக்கூடிய கார்டில் இருப்பது ஒரே சிப்தான். குறைவது சுற்றியுள்ள பிளாஸ்டிக்.

நம்பிக்கை: சிம் சாக்கெட்டில் மல்டிமீட்டர் பூஜ்யம் காட்டினால் மின்சுற்று பழுது.

உண்மை: எந்த வகுப்பிலும் பதில் கிடைக்காதபோது மோடம் சப்ளையைத் துண்டித்துவிடும். அதற்கு முன் நடக்கும் மில்லி விநாடி முயற்சிகள் மல்டிமீட்டரில் பதிவாவதில்லை. அழுக்கேறிய தொடுமுனைகளையும், கார்டு இருப்பதை உணர்த்தும் சாக்கெட் சுவிட்சையும் பார்த்த பிறகே ரெகுலேட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.